தாய் அறியாத 28 நாட்கள்



கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கோயிலில் முதலாம் ஓலை வாசித்தாயிற்று. கூறைச்சேலை எடுத்தாயிற்று. தாலிக்குப் பொன் கொடுத்தாயிற்று. பந்தற்காரருக்கும் சமையற்காரருக்கும் முற்பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யாரை விட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இரவிரவாகக் கணக்குப் பார்க்கிறார்கள். இத்தனையும் ஒரேயொரு நாளுக்கான ஆயத்தங்கள்.

அந்த நாள் கழிந்து, ஓராண்டிலோ ஈராண்டிலோ அதே வீட்டுக்கு வரவிருக்கும் குழந்தைக்காக என்ன ஆயத்தம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கு இப்ப என்ன அவசரம்? பிள்ளை தங்கட்டும், பிறகு கிளினிக்குக்குப் போகலாந்தானே!" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும்.

அன்போடு சொல்லப்படும் மறுமொழிதான். ஆனால் பிழையான மறுமொழி. ஒரு பிள்ளையின் உடலமைப்பில் மிக முக்கியமான வேலைகளுள் ஒன்று, பிள்ளை தங்கியிருக்கிறது என்று தாய் உறுதியாக அறியுமுன்னரே முடிந்துவிடுகிறது. இந்த உண்மையையும், அதற்குரிய எளிய பரிகாரத்தையும் மனித குலம் அறிந்துகொள்ள ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. அதைக் கண்டுபிடித்தவர் தனியொருவர் அல்லர். பல நாட்டு வைத்தியர்களும் ஆயிரக்கணக்கான தாய்மாரும் கைகோத்தே கண்டுபிடித்தார்கள். அந்த வரலாற்றையும், அதிலிருந்து நமது குடும்பங்கள் கற்கவேண்டிய பாடத்தையும் இங்கே பார்ப்போம்.

அந்த நான்கு கிழமைகளில் நடப்பது என்ன?

கரு உருவான மூன்றாவது கிழமையில், பின்னர் குழந்தையின் முதுகாக அமையப்போகும் பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்று தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, வெற்றிலையைச் சுருட்டுவது போல உட்புறமாக வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகின்றன. இதனை நரம்புக் குழாய் என்பர். இக்குழாயின் மேற்பகுதி மூளையாகவும் எஞ்சிய பகுதி முண்ணாணாகவும் வளர்கின்றன. மேல் முனை 25ஆம் நாளளவிலும் கீழ் முனை 28ஆம் நாளளவிலும் மூடிவிடுகின்றன.

கீழ்ப்பகுதி சரிவர மூடாவிட்டால் குழந்தை முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறக்கிறது. பிளவின் அளவுக்கேற்பக் கால்கள் வலுவிழக்கலாம்; சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் குன்றலாம்; மூளையில் நீர் தேங்கலாம். மேல்முனை மூடாவிட்டாலோ மூளையும் மண்டையோடும் முழுமையாக உருவாவதில்லை. அத்தகைய குழந்தை கருவிலேயே இறக்கும். அன்றேல் பிறந்து சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடும்.

இப்போது நாட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். கரு உருவாகி 28 நாட்களாகும்போது தாய்க்கு மாதவிலக்கு இரண்டு கிழமைதான் தள்ளிப்போயிருக்கும். சிலருக்கு ஐயம் தோன்றியிருக்கும். பலருக்கு அதுவும் இராது. அவர் கணவனுக்குச் சொல்லி, கணவன் தாயாருக்குச் சொல்லி, நல்ல நாள் பார்த்துக் கிளினிக்குக்குப் போகும்போது எட்டு, பத்துக் கிழமைகள் ஆகிவிடும். அப்போது தொடங்கும் எந்த மருந்தாலும், மூடாமல் நின்றுவிட்ட குழாயை மூடமுடியாது. பிள்ளை தங்கிய பின் செய்யும் பராமரிப்பு மிகவும் அவசியமானதே. ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அது காலங்கடந்த பராமரிப்பு.

பம்பாய்ப் பெண்களும் மார்மைட்டும்

வரலாறு பம்பாயில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் அந்நகருக்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் மெலிந்து, மரணத்தின் விளிம்புக்கே போவதைக் கண்டார். அவர்கள் உண்டதை ஆராய்ந்தபோது, மரக்கறியும் பழமும் புரதமும் குறைந்த உணவாயிருந்தது. அதே உணவை விலங்குகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார். பல பொருட்களை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். இறுதியில் அவருக்குக் கைகொடுத்தது, நமது வீடுகளில் பாணுக்குப் பூசிச் சாப்பிடும் மார்மைட்! மதுவத்திலிருந்து எடுக்கப்படும் அந்தச் சாறு இந்நோயைக் குணப்படுத்துகிறது என்பதை 1931இல் அவர் உலகுக்கு அறிவித்தார்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எதுவென அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் பல தொன் கீரையிலிருந்து அதைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சில ஆண்டுகளுள் அதனை ஆய்வுகூடத்திலேயே செயற்கையாக உருவாக்கவும் வழி பிறந்தது. அதைச் சாதித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்றவர். இன்று குளிசையாகக் கிடைப்பது இவ்விதம் வந்ததே.

லிவர்பூலில் எழுந்த ஐயம்

போலிக் அமிலம் இரத்தசோகைக்கு மருந்து என்பது தெரிந்துவிட்டது. அது கருவிலுள்ள குழந்தையின் முள்ளந்தண்டோடும் தொடர்புடையதா? இக்கேள்வியை 1965இல் லிவர்பூலில் எலிசபெத் ஹிபர்ட், ரிச்சர்ட் சிமிதெல்ஸ் என்ற இரு வைத்தியர்கள் எழுப்பினர். நரம்புக் குழாய்க் குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரைச் சோதித்தபோது, அவர்களுள் பலரின் உடல் போலிக் அமிலத்தைச் சரிவரப் பெறவில்லை என்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன.

ஐயம் வேறு, நிரூபணம் வேறு. பின்னர் லீட்ஸ் நகருக்குச் சென்ற சிமிதெல்ஸ், வேறு பல நிலையங்களின் துணையோடு ஓர் ஆய்வை நடத்தினார். முன்னர் இக்குறைபாட்டுடன் ஒரு குழந்தையைப் பெற்று, மீண்டும் கருத்தரிக்க விரும்பிய தாய்மாருக்குக் கருத்தரிக்கு முன்பிருந்தே போலிக் அமிலமும் பிற விற்றமின்களும் சேர்ந்த குளிசை கொடுக்கப்பட்டது. 1980இல் முடிவு வெளியாயிற்று. ஒழுங்காகக் குளிசை எடுத்த தாய்மாரின் 178 குழந்தைகளுள் ஒன்றுக்கு மாத்திரமே குறைபாடு ஏற்பட்டது. எடுக்காத தாய்மாரின் 260 குழந்தைகளுள் 13க்கு ஏற்பட்டது.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. அதன் காரணத்தை நமது தோட்டக்காரர் நன்கு அறிவர். ஒருவர் புதிய பசளையொன்றைப் போட்டு நல்ல விளைச்சல் எடுக்கிறார். பசளையால்தான் விளைந்தது என்று உடனே சொல்லிவிடலாமா? புதிய பசளையைத் தேடிப் போகிறவர் நேரத்துக்கு இறைப்பவராகவும், களை பிடுங்குபவராகவும், நல்ல மண் உள்ளவராகவும் இருக்கலாமல்லவா? அதுபோலவே, முன்கூட்டி வந்து குளிசையை விரும்பி எடுத்த தாய்மார் ஏற்கனவே நல்ல உணவும் நல்ல வசதியும் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். பசளையைச் சோதிக்க வேண்டுமானால் ஒரே தோட்டத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்குப் போடுவது என்பதைத் திருவுளச்சீட்டால் தீர்மானிக்க வேண்டும்.

சிமிதெல்ஸும் அப்படிச் செய்யவே விரும்பினார். ஆனால், இத்தகைய துயரைக் கண்ட தாய்மாருள் ஒரு பகுதியினருக்கு வெற்றுக் குளிசை கொடுப்பது முறையாகாது என்று ஆய்வுகளை மேற்பார்வை செய்யும் குழுக்கள் கருதியதால் அனுமதி கிடைக்கவில்லை. அவர்களது தயக்கமும் நியாயமானதே. ஆனால் அத்தயக்கத்தின் விளைவாக நிரூபணம் மேலும் பல ஆண்டுகள் பிந்தியது.

7 நாடுகள், 33 நிலையங்கள்

1983இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்தப் பணியை ஏற்றது. பேராசிரியர் நிக்கொலஸ் வோல்ட் அதை வழிநடத்தினார். பிரித்தானியா, ஹங்கேரி, இஸ்ரேல், அவுஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், அன்றைய சோவியத் ஒன்றியம் ஆகிய 7 நாடுகளில் 33 நிலையங்கள் இணைந்தன. இரு வேறு முகாம்களாகப் பிளவுபட்டிருந்த அக்கால உலகில், இரு முகாம்களையும் சேர்ந்த வைத்தியர்கள் ஒரே ஒழுங்கில், ஒரே விதமான குளிசைகளைக் கொடுத்து, ஒரே விதமாகப் பதிவு செய்தார்கள் என்பது சிறிய காரியமன்று.

முன்னர் பாதிக்கப்பட்ட குழந்தையொன்றைப் பெற்ற 1,817 பெண்கள் இதில் சேர்ந்தனர். அவர்கள் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் போலிக் அமிலம். ஒரு பிரிவுக்குப் பிற விற்றமின்கள். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லாத குளிசை. தாம் விழுங்குவது எதுவென்று தாய்க்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

1991ஆம் ஆண்டு ஏப்பிரலில், குறித்த காலத்துக்கு முன்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. உண்மை அவ்வளவு தெளிவாகிவிட்டதால், தொடர்ந்து வெற்றுக் குளிசை கொடுப்பது அநீதியாகியிருக்கும். முடிவு தெரிந்த 1,195 கர்ப்பங்களுள் 27இல் குறைபாடு காணப்பட்டது. போலிக் அமிலம் எடுத்த 593 பேரில் 6. எடுக்காத 602 பேரில் 21. குறைபாடு 72 சதவீதத்தால் குறைந்திருந்தது. பிற விற்றமின்கள் அத்தகைய பலனைத் தரவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். மொத்தம் 27 சம்பவங்கள், நிலையங்களோ 33. அதாவது, ஒரு நிலையத்துக்கு ஒன்றுகூட வரவில்லை! ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில், ஒவ்வொரு வைத்தியரும் தமது பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால், எவருக்கும் எதுவும் தெரிந்திராது. அனைத்துப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கூட்டு ஆராய்ச்சியின் அருமை இதுவே. அரிதான நோயைத் தனிமனிதனின் கண் காணாது. பல கண்கள் சேர்ந்தாலே காணும்.

ஹங்கேரியும் சீனாவும்

இன்னொரு கேள்வி எஞ்சியிருந்தது. முன்னர் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெறாத சாதாரண பெண்களுக்கும் இது பயன்படுமா? இத்தகைய குழந்தைகளுட் பெரும்பாலானோர் எவ்வித முன்னறிவிப்புமின்றி, குடும்பத்தில் முதன்முதலாகவே இக்குறைபாட்டுடன் பிறக்கின்றனர். ஆதலால் இதுவே பெரிய கேள்வி.

ஹங்கேரியில் அன்ட்ரூ சைசெல் என்ற வைத்தியரின் குழு அதற்கு விடை தேடியது. முடிவை அவர்கள் 1992இல் வெளியிட்டனர். கருத்தரிக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கலந்த விற்றமின் எடுத்த 2,104 பேரிடையே ஒரு சம்பவமும் இல்லை. எடுக்காத 2,052 பேரிடையே 6 சம்பவங்கள் ஏற்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவும் பிரித்தானியாவும், பிள்ளை பெறக்கூடிய பெண்கள் அனைவருக்கும் அறிவுரை வெளியிட்டன.

அடுத்து, சீன அமெரிக்க ஆராய்ச்சியாளர் இணைந்து 1990களில் சீனாவில் ஒரு பெரும் வேலைத்திட்டத்தை நடத்தினர். அதன் முடிவுகள் 1999இல் வெளியாயின. இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான பெண்களின் விபரங்கள் அதில் அடங்கின. திருமணத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம், அன்றிலிருந்து கர்ப்பத்தின் மூன்றாம் மாத முடிவுவரை நாளுக்கு 400 மைக்குரோ கிராம் போலிக் அமிலக் குளிசை ஒன்றை எடுக்கும்படி கேட்கப்பட்டது. குறைபாடு அதிகமாயிருந்த வட பகுதியில், ஆயிரத்துக்கு 4.8 ஆக இருந்த அளவு, ஒழுங்காக எடுத்தவர்களிடையே 1.0 ஆகக் குறைந்தது. தென் பகுதியில் 1.0 ஆக இருந்தது 0.6 ஆயிற்று.

கவனித்தீர்களா? குளிசை தொடங்கப்பட்டது கர்ப்பிணிகள் கிளினிக்கில் அன்று, திருமணத்துக்கான பரிசோதனையில்!

இவ்வாய்வுகளின் பயனாக அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் போலிக் அமிலம் கலப்பதைக் கட்டாயமாக்கியது. வேறு பல நாடுகளும் பின்பற்றின. ஆய்வின் தாயகமான பிரித்தானியாவோ அதற்குரிய சட்டத்தை 2024இல்தான் இயற்றியது. அறிவதற்கும் செய்வதற்கும் இடையே எவ்வளவு தூரம், பாருங்கள்!

நாம் செய்ய வேண்டியவை

1. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண், கருத்தரிப்பதற்கு ஆகக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, கூடுமானால் மூன்று மாதம் முன்பிருந்து, நாளுக்கு 400 மைக்குரோ கிராம் போலிக் அமிலம் எடுக்க வேண்டும். கர்ப்பத்தின் 12ஆம் கிழமைவரை அதைத் தொடர வேண்டும். திருமணமானதும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் புதுமணத் தம்பதியருக்கான ஆலோசனையும் பரிசோதனையும் உண்டு. இரும்புச்சத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

2. முன்னர் இக்குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் கூடுதலான அளவு தேவைப்படலாம். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். பிள்ளைக்குக் கூடாதென்று பயந்து வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

3. உணவையும் மறக்கலாகாது. கீரை வகைகள், பயறு, கௌபி, கடலை, தோடம்பழம் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆனால் அது நீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றினால் சத்தையும் ஊற்றிவிடுகிறோம். அளவாக வேகவைத்த முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் நமது பாட்டிமார் தந்த நல்ல வழக்கங்கள். எனினும் இந்தக் காலத்துக்குத் தேவையான அளவை உணவால் மட்டும் பெறுவது கடினம். உணவும் வேண்டும்; குளிசையும் வேண்டும்.

4. ருபெல்லா தடுப்பூசி போட்டதுண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் முன்னரே போட்டுக்கொண்டு, பின் ஒரு மாதத்துக்குக் கருத்தரியாமல் இருத்தல் வேண்டும். தலசீமியா என்ற இரத்தக் கோளாற்றுக்கான சோதனையை இருவருமே செய்துகொள்வது நன்று.

5. இது பெண்ணின் காரியம் என்று கணவன் ஒதுங்கிவிடக்கூடாது. வீட்டில் புகைக்கும் புகை மனைவியையும் பிள்ளையையும் சேர்கிறது. கிளினிக்குக்குக் கூடப் போவதும், "இண்டைக்குக் குளிசை போட்டனீரோ?" என்று நினைவூட்டுவதும் தகப்பனாகப் போகிறவரின் முதற் கடமைகள்.

பழி யாருக்கு?

இறுதியாக, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. நமது குடும்பங்கள் சிலவற்றில் இத்தகைய பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். அப்போது உறவினர் வாயில் வந்த சொற்களையும் நாம் கேட்டிருக்கிறோம். கிரகணத்தில் வெளியே போனாள் என்றார்கள், கண்ணூறு என்றார்கள், யாரோ செய்த பாவம் என்றார்கள். ஏற்கனவே உடைந்துபோன ஒரு தாயின்மேல் இன்னொரு பாரத்தையும் ஏற்றினார்கள். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, நமதாண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை நாம் மறந்துவிட்டோமா?

மூடாமல் விட்டது ஒரு குழாய்; மீறப்பட்டது ஒரு கட்டளையன்று. அந்தத் தாய்க்கு இதை எவரும் முன்னரே சொல்லவில்லை, சொல்லியிருந்தால் செய்திருப்பார். இன்னும் ஒன்று: ஒழுங்காகக் குளிசை எடுத்த தாய்க்கும் சில வேளைகளில் இக்குறைபாடு ஏற்படுவதுண்டு. பரம்பரை உட்படப் பிற காரணங்களும் உள. ஆகவே இந்தப் புதிய அறிவை எடுத்து, "நீ குளிசை போடவில்லை, அதுதான்" என்று இன்னொரு பழிச்சொல்லாக்கிவிடாதீர்கள். முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்த பிள்ளைகள் சத்திரசிகிச்சை பெற்று, படித்து, தொழில் செய்து வாழ்கிறார்கள். குறைபாட்டைத் தடுக்க முயல்வது ஒரு கடமை. பிறந்த பிள்ளையை முழு மனதோடு ஏற்பது மற்றொரு கடமை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவையல்ல.

அந்த 1,817 பெண்களையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஏற்கனவே ஒரு பிள்ளையினிமித்தம் கண்ணீர் வடித்தவர். தம் கையிலுள்ள குளிசையில் பயனுண்டோ இல்லையோ என்று அறியாமலே நாள்தோறும் அதை விழுங்கினார். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். அவர்கள் பெற்றுத்தந்த அறிவோ இன்று நமது கையில் இருக்கிறது.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ கலியாணப் பேச்சு நடக்கிறதா? பெண்ணின் தாயாரோ, பெரியம்மாவோ, மாமியாரோ யாராயிருந்தாலும், கூறையையும் பந்தலையும் பேசி முடித்தபின் இந்த ஒரு காரியத்தையும் பேசுங்கள். பெண்ணுக்கு வெட்கமாயிருந்தால் இப்பக்கத்தை வெட்டி அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஓலை வாசிக்கும் நாட்களிலேயே தொடங்கிவிட்டால், தாய் அறியாத அந்த 28 நாட்களிலும் பிள்ளை ஆதரவற்றிராது.